மாதிரிக் கிராமத்தில் ஒரு தகரக் கொட்டகை

கல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளிக் கரையில், எங்கள் ரப்பர் ஆலை கட்டிய குடியிருப்புக்கு 'மாதிரிக் கிராமம்' என்று பெயர். வீடெல்லாம் ஒரே அச்சு. அந்த மாதிரியைக் குலைத்தவள் ஃபிட்டர் ராஜாராமன் மனைவி சாவித்ரி ஒருத்திதான். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கல்யாணமாகாத தொழிலாளிகளுக்கு இட்லி அவித்துக் கொடுத்துவந்தாள். அவள் வீட்டு வருமானத்தில் பாதி அதுதான்.

"திங்கக்கிழமை இடிச்சிடுவோம்மா" என்றார் குடியிருப்பு அதிகாரி குருமூர்த்தி. "நிறுவனர் போட்ட பிளான்ல கொட்டகை கிடையாது."

"அவர் பிளான்ல பசியும் கிடையாதா சார்?"

நிறுவனர் பேரைச் சொல்லும்போது குருமூர்த்தி செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி.

திங்கட்கிழமைக்கு முன்னால் மழை வந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்து மழை. அதிகாரிகள் காற்றுக்கு ஆசைப்பட்டு ஆற்றோரத் தாழ்வில் பங்களா கட்டியிருந்தார்கள். தொழிலாளிகளுக்கு ஒதுக்கியது உலைச் சாம்பல் கொட்டிய மேடு. வெள்ளத்துக்கு இந்த அந்தஸ்தெல்லாம் தெரியாது. குருமூர்த்தி, மனைவி கோமதி பின்தொடர, நிறுவனர் படத்தைத் தலையில் சுமந்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கொட்டகையில் அண்டா கொதித்தது. சாவித்ரியும் எங்களுக்கெல்லாம் அண்ணி முறையான பக்கத்து வீட்டு வங்காளி லக்ஷ்மி பௌதியும் ஊருக்கே கிச்சுரி, அதாவது வங்காளப் பொங்கல், கிண்டினார்கள். அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு. யாரும் யாரையும் கேட்கவில்லை, தானாக வந்தது. வெள்ளம் வடியும்வரை ஒருவர்கூடப் பட்டினி கிடக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் விரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருமூர்த்தி இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, சாவித்ரியிடம் கற்ற தமிழில், 'அண்ணா'வை மட்டும் வங்காளத்திலேயே விட்டு, பௌதி கேட்டாள்: "தாதா, இது பிளான்ல இருக்கா?"

தண்ணீர் வடிந்ததும் மதராஸ்காரரான டைரக்டர் ஒருவர் பார்வையிட வந்தார். கொட்டகையைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

குருமூர்த்தி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பொதுச் சமையலறை சார். நம்ம நிறுவனரோட கனவு!"

நாங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டோம். சாவித்ரி மட்டும் முன்னால் வந்தாள்.

"ஆமா சார். கனவுல ஒழுகாது, இங்க ஒழுகுது. ஓடு போட்டுக் குடுத்தீங்கன்னா நிறுவனர் சந்தோஷப்படுவார்."

நிறுவனரின் கனவை நனையவிட எந்த டைரக்டருக்குத் தைரியம் வரும்? அந்த மாதமே ஓடு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்று மேஸ்திரியை விரட்டியவர் குருமூர்த்தியேதான்.

சாவித்ரி அவரிடம் இட்லித் தட்டை நீட்டினாள். "சாப்பிட்டுட்டு அதிகாரம் பண்ணுங்க சார், ஆறிடும்."