ஆயிரங்கண்ணம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

திருப்பதியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற புருஷோத்தமனுக்கு, செடி வளர்ப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைப்பு. அந்த நினைப்பில்தான் குன்னூர் நர்சரியிலிருந்து இடுப்பளவு மரப்பெரணி ஒன்றை வேன் வைத்துக் கொண்டுவந்து தோட்டத்தில் நட்டார். மலைக்குளிரில் ஓடையோரம் குடை விரித்து நிற்கிற ஜாதி அது. சித்தூரில் இருக்கும் பழைய சகா தணிகாசலம் போனிலேயே சிரித்தார். ஒரு கோடை தாங்கினால் தன் எம்.எஸ்சி. பட்டத்தைக் கிழித்துப் போடுவதாகச் சொன்னார். ஆடியில் நேரில் வந்து பார் என்று இவரும் சவால் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தச் செடி பிழைப்பதில்தான் அவர் மானமே இருந்தது.

கவனிப்புக்குக் குறைச்சல் இல்லை. வேருக்குச் சொட்டு நீர், வேருக்கு எரு, வேரைச் சுற்றித் தென்னைநார். பக்கத்து வீட்டு கமலம்மா சுவர் மேல் எட்டிப் பார்த்து, தலை காய்ந்து கிடக்கிறதே என்று கேட்டாள். எந்த மரமும் வேர் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும் என்று அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பாவம், அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கத்திரி வெயிலில் இலைகள் கருகி உதிர்ந்தன. மிஞ்சியது பழுப்பு ரோமம் போர்த்திய மொட்டைக் கட்டை. புருஷோத்தமனுக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை வேரோடு பிடுங்கி, குப்பை வண்டி எடுத்துப் போகட்டும் என்று தெருமுனை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தார்.

வண்டி எடுக்கவில்லை. இலை உதிர்ந்த தழும்புகள் கட்டை முழுக்கக் கண்கண்ணாக விழித்துக்கொண்டிருந்தன. வண்டிக்காரர் அம்மவாரு என்று முணுமுணுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் கமலம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். ஒரே வாரத்தில் ஆயிரங்கண்ணம்மா என்று பெயர் வந்தது, அடியில் மண் அணைத்த பீடம் வந்தது, மேலே பச்சை வலைப் பந்தலும் வந்தது. தெருப்பெண்கள் காலையும் மாலையும் குடம் குடமாக அபிஷேகம் செய்தார்கள். படித்தவருக்கு இதெல்லாம் ஆகுமா? புருஷோத்தமன் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆடி முதல் வெள்ளியன்று தணிகாசலம் சொன்னபடி வந்து இறங்கினார். தோற்றதை எப்படிச் சொல்வது என்று தவித்தபடி அவரை அழைத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய புருஷோத்தமன் அப்படியே நின்றுவிட்டார். கட்டையின் உச்சியில் சுருண்ட பச்சைத் தளிர்கள் ஐந்து. ஒன்று முழ நீளத்துக்கு விரிந்தே இருந்தது.

"என் பெரணிடா" என்றார்.

தணிகாசலம் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு, இது தன் செடி, தோட்டத்துக்குத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று கமலம்மாவிடம் புருஷோத்தமன் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க தூக்கிப் போட்டது கட்டை சார்" என்றாள் கமலம்மா, கோபமே இல்லாமல். "நாங்க கும்பிட்டுக்கினு இருக்கறது ஆத்தா. வரிசையில வாங்க."

வந்தார். முறை வந்ததும் அவள் சொம்பைக் கையில் கொடுத்தாள். பழக்கதோஷம், குனிந்து அடியில் ஊற்றப் போனார்.

"கால்ல ஊத்தாதீங்க சார். ஆத்தா தலையிலதான் குடிக்கிறா."

தலையில் ஊற்றினார். தண்ணீர் ரோமத்துக்குள் இறங்கி மறைந்தது. கீழே ஒரு சொட்டு வரவில்லை. அவர் விரலால் ரோமத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாக இன்னொரு சொம்பு கேட்டார்.

கமலம்மா வரிசையின் கடைசியைக் காட்டினாள்.