எமோக்கே மிக நன்றாக வேலை செய்த வசந்தம்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் காற்றடிக்கிறது, அங்கே வேண்டாம். வெந்நீர்க் குளத்தில் என்னோடு வேலை பார்த்த எமோக்கேயின் கதையைச் சொல்கிறேன். பெரிய சாகசம் எதுவும் இதில் இல்லை. ஒரு பெண் தன் வேலையை விடாமல் பிடித்துக்கொண்ட கதை, அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

டிசா ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் குளத்தில் அறைக்காரியாக இருந்தேன். இப்போதெல்லாம் கையில் பூட்டைத் திறக்கும் ரப்பர் வளையத்தை மாட்டி அனுப்புகிறார்கள். அப்போது சாவி எங்களிடம்தான். குளிக்க வருபவர் உடை மாற்றும் அறைக்குள் போய்த் துணியைக் கழற்றி வைப்பார். நாங்கள் கதவின் உள்பக்கம் இருக்கும் சின்னச் சிலேட்டில் அவர் வந்த நேரத்தைச் சாக்கட்டியால் எழுதிப் பூட்டுவோம். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து, "முப்பத்தொண்ணு, ஒன்பது பத்து" என்பார். திறந்து பார்த்தால் சிலேட்டிலும் ஒன்பது பத்து. அப்படியானால் அறை அவருடையது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் நிற்கும் கிழவர்களுக்கு வேறு எதை நம்பிக் கதவு திறப்பது?

எமோக்கே ஒரு பிப்ரவரியில் வந்து சேர்ந்தாள். முப்பத்துநாலு வயது. மூன்று மாதம் சோதனைக் காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். என் அறை வரிசைக்கு எதிர் வரிசை அவளுக்கு. எப்போதும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கையோடு வைத்திருப்பாள். இரண்டாவது வாரம், துண்டு அடுக்கும் அறையில், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் நான் வெங்காயம் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"மர்கித் அக்கா, எனக்கு ஒரு வியாதி இருக்கு. பைபோலார்னு பேரு. சில மாசம் எழுந்திரிக்கவே முடியாது. சில மாசம் உட்காரவே முடியாது. லித்தியம் மாத்திரை சாப்பிடறேன். இந்தச் சூட்டுல தண்ணி குடிக்காம இருந்தா அதுவே விஷமாயிடும், அதான் பாட்டில்."

"சரி, குடி. என்கிட்ட ஏன் சொல்ற?"

"இது எனக்கு நாலாவது வேலை. குழந்தைப் பள்ளிக்கூடம் போச்சு, தையல் ஃபேக்டரி போச்சு, பஸ் டிக்கெட் ஜன்னல் போச்சு. இதுவும் போச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு யாரு வேலை தருவா? நான் மோசமா வேலை செஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் அக்கா. ரொம்ப நல்லா செஞ்சா யாருக்கும் தெரியாது. நீங்க அதைப் பாத்துச் சொல்லணும்."

"நல்லா வேலை செய்யறேன்னு திட்டணுமா உன்னை? இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேக்காத உதவி."

சிரித்தாள். ஆனால் என் பதில் வரும்வரை ரொட்டியைத் தொடவில்லை. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் முழுக்க ஒழுங்காக இருந்தாள். ஏப்ரலில் வாதாம் மரங்கள் பூத்தன, அவளும் பூத்தாள். முதலில் சிலேட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வரைந்தாள். பிறகு ஒரு வரி. பிறகு இரண்டு வரிப் பாட்டு. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள்மேல் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள் இல்லையா, தெளிக்குமுன் ஒரு பாட்டுச் சொல்லியாக வேண்டுமே. ஐம்பது வருஷமாக அதே பழைய பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் கிழவர்களுக்கு எமோக்கேயின் சிலேட்டு புதையல் மாதிரி ஆகிவிட்டது. அவள் வரிசை முன்னால் கூட்டம் நின்றது. என் வரிசையில் ஈ ஓட்டினேன்.

ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வெண்டல் அண்ணன் தினம் வருவார். "பொண்ணே, எனக்கு ஒரு பாட்டு எழுது. பக்கத்து வீட்டு விதவைக்குச் சொல்லணும். அசிங்கமா இருக்கக்கூடாது. ஆனா கொஞ்சம் இருக்கலாம்."

நின்ற இடத்திலேயே நாலு வரி சொன்னாள். குளமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. துண்டு மடிப்பதை அவளே செய்தாள், என் பங்கையும் சேர்த்து. என் இடுப்புக்கு நல்ல ஓய்வு. போகிற வழியில் அறைக் கதவைத் திறந்து, இன்று என்ன எழுதியிருக்கிறாள் என்று படிப்பேன். ஈஸ்டர் சந்தோஷம்தான், யாருக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே பத்து நாள் போனது.

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை அவளுடைய பாட்டில் காலையில் நிரப்பியபடியே மாலைவரை இருந்ததைப் பார்த்தேன். துண்டு அறைக்குக் கூட்டிப்போனேன்.

"எமோக்கே, நீ ரொம்ப நல்லா வேலை செய்யற."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "என் வரிசையில கூட்டம், உங்க வரிசையில ஆளில்லை. அதுதானே விஷயம்? அறுபத்தொரு வயசுல இப்படி ஒரு பொறாமை வரும்னு நான் நினைக்கலை அக்கா."

நான் துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வலித்தது. சொன்னாயிற்று, இனி அவள் பாடு என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் பெரிய வியாழன். சிலேட்டுகளில் நேரமே இல்லை, எல்லாம் பாட்டுதான். பதினோரு மணிக்குப் பக்கத்து ஊர்த் தச்சர் ஒருவர் ஈரம் சொட்ட வந்து, "என்னோடது முயல் பாட்டு அறை" என்றார். எமோக்கே முயல் பாட்டு இருந்த அறையைத் திறந்துவிட்டாள். அன்று முயல் பாட்டு மூன்று அறைகளில் இருந்தது. தச்சர் கண்ணாடியும் இல்லாமல் அவசர அவசரமாக உடுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டு வாசலில் சாவி பூட்டுக்குள் போகாதபோதுதான், தான் போட்டிருப்பது வேறொருவர் கால்சட்டை என்று தெரிந்திருக்கிறது.

அந்த வேறொருவர் வெண்டல் அண்ணன். மூன்று மணி நேரம் தண்ணீரைவிட்டு வெளியே வர முடியாமல் கழுத்தளவில் உட்கார்ந்திருந்தார். "என்னை வேக வெச்சுட்டீங்க. தட்டுல வெச்சுக் கொஞ்சம் முள்ளங்கித் துருவல் போட்டா ஈஸ்டர் விருந்துக்கு ஆச்சு" என்றார். அவருக்குக் கோபமில்லை. தச்சரின் மனைவிக்கு இருந்தது. மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அரைமணி நேரம் கத்தினாள்.

மேலாளர் போட்னார் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். ஒரு காலத்தில் வாட்டர் போலோ ஆடிய பெரிய ஆகிருதி. நாற்காலி அவருக்கு எப்போதும் சின்னது. திட்டுவார் என்று பயந்துதான் போனோம். அவரோ சிரித்தார்.

"சரி விடு. கால்சட்டை திரும்பி வந்துடுச்சு. பாட்டு எழுது, நேரத்தையும் எழுது. இந்த மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைச்சதே இல்ல. திங்கள் வரைக்கும் சாயங்கால ஷிஃப்டையும் நீயே பாத்துக்கறியா? உன் நிரந்தரக் காகிதத்தை இப்பவே தயார் பண்ணச் சொல்றேன்."

பாருங்கள், அவள் இரண்டு மாதமாக எதற்காகத் தவம் கிடந்தாளோ அது மேசைமேலேயே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். எமோக்கேயின் கண் பளபளத்தது. "பாக்கறேன் சார், ராத்திரி குளம் கழுவறதையும் சேர்த்து" என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே பேசினேன். அவளுடைய வியாதியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேள்வி கேட்கலாம் அல்லவா?

"எமோக்கே, நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கின?"

என்னை முறைத்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். வெளியே குளத்தில் யாரோ கிழவர் பாட்டை உருப்போடும் சத்தம் கேட்டது. அவள் பார்வை மெல்ல இறங்கித் தன் கைகளில் நின்றது. நகங்களுக்குள் சாக்கட்டித் தூள்.

"ஒண்ணரை மணி நேரம்" என்றாள். "முந்தாநாள் ரெண்டு."

பிறகு அவளே சொன்னாள். பைபோலார், லித்தியம், ஆஸ்பத்திரி, போன வேலைகள், எல்லாவற்றையும். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை, அப்படியும் சில வசந்தத்தில் வந்துவிடும் என்றாள். நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், சில நாள் வீட்டில் படுக்க வேண்டும் என்றாள்.

போட்னார் பேனாவை மூடினார், திறந்தார். "நல்லா வேலை செய்யற ஆளை நான் வீட்டுக்கு அனுப்பணும். அதுவும் ஈஸ்டர் வாரத்துல."

"ஆமா சார்."

"அனுப்பலைன்னா?"

"அடுத்த வாரம் குளத்துக்கு நானே பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சிடுவேன். அதுக்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி. வெளியே வர மூணு மாசம் ஆகும்."

"குளத்துக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் வேணும்" என்றார் அவர், எதையாவது சொல்லி வைப்போமே என்று.

எமோக்கே சிரித்தாள். நானும் சிரித்தேன், நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் பார்த்தாள். வாயைக் கையால் பொத்தியும் சிரிப்பு வழிந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும். போட்னாரின் முகம் அப்போதுதான் மாறியது. எழுந்து வந்து அவளுடைய கோட்டை எடுத்து, குழந்தைக்குப் பிடிப்பதுபோல் விரித்துப் பிடித்தார்.

"போம்மா. டாக்டர் எப்ப சொல்றாரோ அப்ப வா. சோதனைக் காலம் ஒரு மாசம் நீளும், அதை மட்டும் என்னால விட்டுத்தர முடியாது. மர்கித் அக்கா, ரெண்டு வரிசையையும் நீங்க சமாளிப்பீங்களா?"

"இடுப்புக்கு நல்லா ஓய்வு கொடுத்து வெச்சிருக்கேன் சார்" என்றேன்.

அவள் திரும்பி வரப் பதினாறு நாள் ஆயிற்று. மாத்திரை கூடியிருந்தது. விரல் நடுங்கியது, நடை கனத்தது. சிலேட்டில் கோணல் கோணலாக வெறும் நேரம் மட்டும். வெண்டல் அண்ணன் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் அண்ணே" என்றாள். ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "அந்தச் சிரிச்ச முகப் பொண்ணை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள். எமோக்கே அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் சாவிக் கொத்தோடு நின்றிருந்தாள்.

துண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்: "அவங்களுக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு அக்கா. எனக்கும் அவளைத்தான் பிடிக்கும். அதுதான் கஷ்டம்."

பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். குடித்தாள். "அன்னிக்குப் பொறாமைன்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு. துண்டை மடி" என்றேன்.

ஜூன் முதல் வாரம் போட்னார் காகிதத்தை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். நிரந்தரம், காலை ஷிஃப்ட் மட்டும். இரவு வேலை கூடாது என்று டாக்டர் எழுதியதையும் அதனோடு பின் அடித்து வைத்திருந்தார். சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். எதிரில் ஒருவர் குளிரில் பல் கிட்டிக்க, "நாற்பத்திரண்டு, எட்டு ஐம்பது" என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, அவசரப்படாமல் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் சூப் அடங்காமல் கொதிக்கட்டும். வேலைக்குப் போன உங்கள் பிள்ளைகள் வேலையோடு வீடு திரும்பட்டும். படுத்ததும் தூக்கம் வரட்டும், விடியும்வரை உங்களோடு இருக்கட்டும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.