மொட்டைக்குப் பின் ராகேஷும் உமேஷும்

உமேஷ் வந்திருந்தான். வந்ததற்கு அடையாளமாக காப்பக ஆயா எல்லம்மாவின் முந்தானையில் மூக்கைத் துடைத்தாயிற்று; பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்று அதை அழவைத்தும் ஆயிற்று. ஆனால் எல்லம்மாவின் கையில் இருந்த செல்போன் மட்டும் உமேஷ் இன்றும் வரவில்லை என்றது.

அவன் முகத்துக்கு நேரே மறுபடி பிடித்தாள். 'ராகேஷ். ஏற்கெனவே வந்துவிட்டார்' என்று திரையில் எழுத்து வந்தது.

"வந்துட்டாராமே! மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

ராகேஷும் உமேஷும் இரட்டைப் பிள்ளைகள். மூன்று வயது. ராகேஷ் குறுக்கே தலையை நீட்டினான். செல்போன் என்னவோ கேட்டது. "போடா அந்தாண்ட, ஒவ்வொருத்தரா வரணும்" என்று அவனைத் தள்ளிவிட்டு, 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகம் அரசு உதவியில் நடந்தது. உதவி எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் செல்போனுக்கு ஏன் இத்தனை அதிகாரம் என்பது புரியும். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவில் பெரும்பங்கை அரசு கொடுக்கும். தாய் கொடுப்பது சிறு தொகை. எல்லம்மாவின் சம்பளமும் அந்த உதவியிலிருந்துதான். முன்பு வருகையைக் கையால் எழுதினார்கள். எங்கோ ஒரு காப்பகத்தில் பிறக்காத பிள்ளைகள்கூட தினமும் முட்டை சாப்பிட்டது தெரியவந்ததும் எழுத்து போய் முகம் வந்தது. செல்போன் முகத்தை ஒப்புக்கொண்டால்தான் பிள்ளை வந்ததாகக் கணக்கு. ஒரு வாரம் முழுக்க வராத பிள்ளையின் இடம், காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

இன்று வெள்ளிக்கிழமை, வாரத்தின் கடைசி நாள். திங்களிலிருந்து உமேஷ் கணக்கில் இல்லை.

"எல்லம்மாக்கா, ஒருத்தன உங்ககிட்ட உட்டுட்டு இன்னொருத்தன பேக்கரி அடுப்பு பக்கத்துலயா வெச்சிக்குவேன்?" என்றாள் அனுஷா, பிள்ளைகளின் தாய். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை. இன்னும் கிளம்பாமல் வாசலிலேயே நின்றாள். "வேலைய உட வேண்டியதுதான்."

"ஞாயித்துக்கிழம ரெண்டுத்துக்கும் ஒண்ணா மொட்ட போட்டுட்டு வந்தவ நீதானே?"

"சாமி கேக்கலக்கா. மாமியா கேட்டாங்க."

கோளாறு அங்கேதான் தொடங்கியது. செல்போன் முகத்தை நாம் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, மூக்கு எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்று அளந்து, அந்த அளவுகளைச் சேர்த்துவைத்த படத்தோடு ஒப்பிடும். ராகேஷின் படம் நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. உமேஷ் அன்று கண்ணை மூடி, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். ஆகவே அவனை அளவுகளை வைத்து அல்ல, நெற்றியில் விழுந்த முடியை வைத்துத்தான் செல்போன் இத்தனை நாள் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து வந்தது. முடி பழனியில் போய்விட்டது. இப்போது யார் முதலில் நின்றாலும் ராகேஷ். அடுத்து நிற்பவனும் ராகேஷ்.

எல்லம்மா சும்மா இருக்கவில்லை. உமேஷின் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்தாள். பொட்டு வைத்த ராகேஷ் என்று எடுத்துக்கொண்டது. சிரிக்கச் சொன்னாள்; சிரிக்கும் ராகேஷ். அனுஷாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்; முகமே இல்லை என்றது. கண்ணாடி தனக்கும் வேண்டும் என்று ராகேஷ் தரையில் புரண்டான்.

அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மேற்பார்வையாளர் மஞ்சுநாத். வாரம் முழுக்க எல்லம்மா போன் போட்டு வரவழைத்த ஆள்.

"சார், உமேஷுக்குப் புதுசா ஒரு படம் எடுத்துடலாமா?"

"ஆகல்லா மா. ஒரே முகத்த ரெண்டாவது வாட்டி சேக்க சிஸ்டம் ஒத்துக்காது."

"கையால எழுதிக்கலாம்?"

"அய்யோ, அது நின்னு போச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

"எத சார் அட்ஜஸ்ட் பண்றது? மூக்கையா?"

மஞ்சுநாத் இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டம் மேல தப்பு இல்ல மா. எனக்கே ஒரே ஆள் மாதிரிதான் தெரியுது."

"ஒரே ஆளா? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு என் முந்தானைய ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுங்க, அது கண்ணுக்குத் தெரியலயா?"

சொல்லிவிட்டு எல்லம்மா நின்றாள். தெரியாதுதான். செல்போன் அவர்களைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ராகேஷ் குறுக்கே தலையை நீட்டும்போதெல்லாம் அவள் அவனைத் தள்ளிவிட்டாள். செல்போன் கேட்ட கேள்வியையும் படிக்காமல் தள்ளிவிட்டாள்.

"டேய் ராகேஷு, வாடா. தம்பி கன்னத்தோட ஒட்டிக்கோ."

வாரம் முழுக்கத் திட்டு வாங்கித் தந்த காரியத்தைச் செய்யச் சொன்னதும் ராகேஷ் பாய்ந்து வந்தான். செல்போன் வழக்கம்போல் கேட்டது: 'இரண்டு முகங்கள் தெரிகின்றன. குழுப் படமா?'

எல்லம்மா 'ஆம்' என்பதை அழுத்தினாள். இரண்டு பச்சைக் கட்டங்கள் தோன்றின. ஒன்றின் கீழ் ராகேஷ் என்று வந்தது. மற்றொன்று கொஞ்சம் யோசித்து, உமேஷ் என்றது.

அனுஷா எட்டிப் பார்த்தாள். "அக்கா, மாத்திப் போட்டிருக்கு. பொட்டு வெச்சவன்தான் உமேஷு."

"இருக்கட்டும், நீ கெளம்பு. ரெண்டு பேர் வந்தாங்களா, அதான் அதுக்கு வேணும்."

மஞ்சுநாத் தலையை ஆட்டினார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அதனால் ஒரே படத்தில் ஒரே பெயரைச் செல்போன் இரண்டு முறை வைக்காது. முதல் முகத்துக்கு ராகேஷ் என்று வைத்துவிட்டால், அடுத்த முகத்துக்கு அடுத்துப் பொருந்தும் பெயரைத்தான் தேட வேண்டும். அது உமேஷ். ஆகவே இரட்டைப் பிள்ளைகளைத் தனித்தனியாக எடுக்கக் கூடாது. சேர்த்து நிறுத்தி, ஒரே படமாக எடுக்க வேண்டும்.