கிழங்கு அறையில் ஒரு பல்லி

பிர்ச் மர விறகுக் கட்டையின் பட்டை பிளந்து உள்ளிருந்து பல்லி விழுந்தபோது, ஓஸ்மோ முதலில் வாசலைத்தான் பார்த்தான். மனைவி மிர்யா பள்ளி வேலை முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. இதய அறுவை சிகிச்சை முடிந்தவன் வசந்தம் வரை விறகு தூக்கக் கூடாது என்று சொன்னது மருத்துவர். அதை நாள் தவறாமல் நினைவூட்டுவது மனைவி. வாழ்நாளெல்லாம் மரலாரி ஓட்டிய கைகள் டிசம்பரிலிருந்து முழங்கால்மேல் கிடந்தன. நீராவிக் குளியல் அறையான சவுனாவின் அடுப்பையாவது மூட்டலாம் என்று இன்று எழுந்துவிட்டான்.

விரல் நீளப் பழுப்புப் பல்லி. குச்சிபோல விறைத்திருந்தது. அந்த வீட்டில் இருமலோ முதுகுவலியோ சண்டையோ, எல்லாவற்றுக்கும் சவுனாதான் மருந்து. ஓஸ்மோ தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி, பல்லியை அதில் கிடத்தி, மூட்டிய அடுப்பருகே வைத்தான். கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் ஒன்று நீண்டது. விலா ஏறி இறங்கியது. அவன் சத்தமாகச் சிரித்தான். தையல் போட்ட இடம் சுண்டி வலித்தது.

“பொழைச்சிட்டடா, பயலே!”

மிர்யா பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“விறகு யாரு தூக்கினா?”

“ரெண்டே கட்டைதான். இங்க பாரு, யாரு வந்திருக்கான்னு.”

அவள் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருபவள். குல்லாயைப் பார்த்ததும் முகம் மாறியது.

“குளிர்காலத் தூக்கத்துல இருந்ததை எழுப்பிட்டியே, ஓஸ்மோ. இனிமே அதுக்குப் பசிக்கும். இந்த ஜனவரியில பூச்சிக்கு எங்க போவ?”

“அப்போ வெளியவே விட்டுடலாமா?”

“விட்டா உறைஞ்சு செத்துடும். மெதுவா மறுபடி தூங்க வைக்கணும். கிழங்கு அறையில வை. உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. அப்புறம் யாரும் தொடாம இருக்கணும்.” நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். “அதுதான் உனக்கு வராதே, கிழவா.”

வீட்டுக்குப் பின்னால் மேட்டைக் குடைந்த நிலவறை அது. பாசியும் சருகும் நிரப்பிய பெட்டியை உருளைக்கிழங்குக் கூடைகளுக்கு நடுவே வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே ஓஸ்மோ போய் மூடியைத் திறந்தான். அதற்கடுத்த நாளும். சருகை விலக்கி, உயிர் இருக்கிறதா என்று விரலால் தொட்டான். தொட்டதும் அது கண் திறந்தது. ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் முதுகெலும்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதுபோல் இருந்தது. அதன் பிறகு திறப்பதை விட்டான். போவதை விட முடியவில்லை.

பிப்ரவரியில் பெருங்குளிர் இறங்கியது. காட்டில் உறைந்த மரங்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது. இப்படிப்பட்ட நாட்களில் கிழங்கு உறையாமலிருக்க ஊரில் எல்லோரும் நிலவறையில் லாந்தர் ஏற்றுவார்கள். மிர்யா பள்ளிக் கூட்டத்தில் இருந்தாள். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஓஸ்மோ லாந்தரோடு இறங்கினான்.

எங்கே வைப்பது? கதவோரம் வைத்தான், சுவரில் தொங்கிய வெப்பமானியின் சிவப்புக் கோடு சுழியத்தை நோக்கி இறங்கியது. பெட்டியருகே கொண்டுவந்தான். சற்று நேரத்தில் உள்ளே சருகை நகம் கீறும் சத்தம். பதறிப்போய்ப் பின்னால் இழுத்தான். கோடு இறங்கியது. மறுபடி முன்னால். மறுபடி கீறல். லாந்தரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் அங்குமிங்கும் நடந்தான். இதயம் காதில் அடித்தது.

கடைசியில் லாந்தரைத் தரையில் வைத்து, அதற்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தான். முதுகில் சூடு பட்டது. அவன் நிழல் பெட்டியை மூடியது. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

வெளியே பனி நொறுங்கியது. மிர்யா கதவைத் திறந்தாள்.

“எவ்ளோ நேரமா இங்க—”

“கதவைச் சாத்து. பேசாத.”

அவள் சாத்தினாள். திட்ட வாயெடுத்தவள் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். இன்னொரு கூடையைக் கவிழ்த்து அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். பெட்டிமேல் விழுந்த நிழல் இன்னும் அகலமானது. சிவப்புக் கோடு சுழியத்துக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. இருவரும் கழுத்துத் துணிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு, பெட்டிக்குள் சத்தம் ஏதும் கேட்காமலிருப்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.