பத்து விரல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். என் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் என் காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் இத்தனை வருடமாக உயிரோடு இருக்கிறேன். யார் தேர்வுக்குத் தயார், யார் இல்லை என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். "நான் ரெடி சார்" என்று முதல் வாரமே குதிக்கிறவர் போய்க் கம்பத்தில் மோதுவார். "இன்னும் ஒரு வாரம் பழகிக்கறேன் சார்" என்று இழுக்கிறவர் எப்போதோ தயாராகியிருப்பார். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் லைசென்ஸ் வாங்கிய பிறகும் என்னிடம் பழக வந்துகொண்டிருக்கிறார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்த அம்மாவைக் கிண்டல் செய்யத்தான் எனக்கு வாய் வருவதில்லை. என் வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

என் மனைவி தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறாள். ஆனால் அவள் வாசித்து யாரும் கேட்டதில்லை. அவள் வாசிப்பது ஒத்திகை. மாலைச் செய்திக்கு முன்னால் விளக்கு, கேமரா, ஒலி எல்லாவற்றையும் சரிபார்க்க யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தி முழுவதையும் வாசிக்க வேண்டும். உண்மையாக வாசிக்கப் போகிற அம்மையாரோ கடைசி நொடி வரை ஒப்பனை அறையை விட்டு வரமாட்டார். நேரலை தொடங்கப் பத்து நொடி இருக்கும்போது, எல்லோரும் விரல்காரர் என்று கூப்பிடும் அரங்கப் பொறுப்பாளர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். உடனே இவள் எழுந்து இருட்டுக்குள் போய்விட வேண்டும். அம்மையார் வந்து உட்காருவார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும், சிவப்பு விளக்கு எரியும். ஒருமுறை நானே உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கச்சிதம்.

ஒன்பது வருடமாக இதுதான் நடந்தது. வாசிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயில் நுழையாத வெளிநாட்டுத் தலைவர் பெயரைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி சொல்வாள். மூன்று தடவை காலைச் செய்தி வாசிக்கக் கூப்பிட்டார்கள். மூன்று தடவையும், "இன்னும் கொஞ்சம் பழகிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நீ தயாராகி ரொம்ப நாளாச்சு. இதச் சொல்றதுதான் என் வேலையே" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"உங்க கிளட்ச், கியர் எல்லாம் இங்க செல்லாது" என்றாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, வீட்டில் எனக்கென்று தனி பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

போன வாரம் அந்த அம்மையார் வேறு நிலையத்துக்குப் போய்விட்டார். மாலைச் செய்தியே காலி. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மனைவி சொன்னாள்:

"சரின்னு சொல்லிட்டேங்க."

"இப்போ ரெடியா?"

"அதெல்லாம் தெரியல. இந்தத் தடவையும் மாட்டேன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

நேற்று மாலை நானும் மகளும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தோம். மகள் தன் தோழிகள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். நான் என் பங்குக்கு வங்கி அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். இசை வந்தது. உலக உருண்டை சுற்றியது. படம் விரிந்தது.

மேஜை இருந்தது. மேஜை மேல் காகிதம் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"அப்பா, அம்மா எங்க?" என்றாள் மகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்? விரல்காரர் பத்து விரலைக் காட்டியிருக்கிறார், இவள் எழுந்து போயிருக்கிறாள். எப்போதும் நிற்கிற இடத்தில், இருட்டில் நின்றுகொண்டு, அம்மையார் வந்து உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மைக் திறந்திருக்கும்போது யாரும் வாயைத் திறந்து கூப்பிடவும் முடியாது. என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினால் ஏதோ நின்றுவிடும் என்பது போல அழுத்தினேன்.

திரையின் ஓரத்தில் அவள் தோள் தெரிந்தது. வந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பயமே இல்லாத முகம், வாசிக்கத் தயாரான முகம். வாயைத் திறந்தாள். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

விளம்பரம் முடிந்தபோது அங்கே விளையாட்டுச் செய்தி வாசிக்கிற இளைஞன் உட்கார்ந்திருந்தான். டை ஒரு பக்கம் கோணியிருந்தது. முதல் வரியிலேயே தடுக்கினான். ஒரு நாட்டின் பெயரை இரண்டு விதமாகச் சொன்னான், இரண்டும் தப்பு. சிரித்துச் சமாளித்துக் கடைசி வரை வாசித்து முடித்தான். அவன் தயாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

மகள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நிலையத்தின் வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தேன். அவள் வெளியே வந்தாள். பழக்கதோஷத்தில் நான் என் வழக்கமான பக்கத்துக்கு நகர்ந்துகொள்ள, அவள் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒப்பனை அப்படியே இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

"இவ்வளவு வருஷமும் வாசிக்கப் பழகறேன்னு நெனச்சுட்டேங்க" என்றாள். "எந்திரிச்சுப் போறதுக்கும் சேர்த்துத்தான் பழகியிருக்கேன்."

"ஒரு நாள்தானே. நிலையத் தலைவர்கிட்ட எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாரா?"

"சொன்னேன். அவரும் நல்ல மனுஷன்தான், திட்டவேயில்ல. கொஞ்ச நாள் போகட்டும், இன்னும் பழகிட்டு வாங்கன்னு சொன்னாரு."

அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வார்த்தை. அவர் வாயிலிருந்து இப்போது அவளுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"அப்போ மாலைச் செய்தி?"

"அந்தப் பையனையே வச்சுக்கறாங்களாம். நாளைக்கு நான் சீக்கிரம் போகணும். அவனுக்கு லைட் பார்க்கணும்."

சாவியைத் திருப்பி கியரைப் போட்டாள். கார் நகரவில்லை. "என்னங்க, பிரேக்கை விடுங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். என் கால் அதன்மேல்தான் இருந்தது.