பீட்டர் பக்கத்து இடம்

ஞானம்மாவுக்குச் சொந்தம்னு சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் ஆறடி மண்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி கல்லறைத் தோட்டத்தில், புருஷன் பீட்டர் பக்கத்தில், எட்டு வருஷம் முன்னாடியே ஃபாதரிடம் சொல்லி வைத்த இடம். கல்லறைத் திருநாளுக்கு பீட்டருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த வெறும் தரையையும் பெருக்கி, அதுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள்.

"உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்குடி வத்தி?" என்று எதிர்வீட்டு ஹெலன் தலையில் அடித்துக்கொள்வாள்.

"எனக்கு யாரு வந்து வைக்கப் போறா? அட்வான்ஸா நானே வச்சுக்கினேன், போ!"

வாஸ்தவம்தானே. ஒரே பிள்ளை ராபின் கனடாவுக்குப் போய் ஒன்பது வருஷம். தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான், துபாய், மஸ்கட், எங்கெங்கேயோ. அவர்கள் விட்டுப்போன ரூம்களில் இப்போது ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் குடியிருக்கிறார்கள். கறிக்கடைக்காரர்கூட இந்தியில்தான் கூவுகிறார். தெரு நிறைய ஜனம், பேச ஒரு ஆள் கிடையாது. சில நாள் சாயங்காலம் வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டாள். தொண்டை இருக்கிறதா என்று பார்க்க இருமிக்கொள்வாள்.

போன அக்டோபர் மழையில், கம்பி மில்லில் வேலை பார்த்த ஜார்க்கண்ட் பையன் சுசீல் ஜுரத்தில் செத்துப்போனான். இருபத்துமூன்று வயசு. அவனும் வேதக்காரப் பையன்தான். "அவ்வளவு தூரம் கொண்டுவர வேணாம், அங்கேயே கோயில் மண்ணுல வச்சிடுங்க" என்று அவன் அம்மா போனில் சொல்லிவிட்டாளாம். இங்கேயோ கல்லறைத் தோட்டத்தில் தோண்டின இடமெல்லாம் தண்ணீர். மேடாக இருந்தது ஞானம்மாவின் இடம் ஒன்றுதான். கோயில் கமிட்டி அன்புராஜ் குடையோடு வாசலில் வந்து நின்றான்.

"முடியாதுப்பா. அது என் எடம்."

உடனே ராபினுக்கு போன் போட்டாள். மகன் தனக்காக நாலு வார்த்தை சண்டை போடுவான் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

"குடுத்துரும்மா. அந்த ஊருக்கு இனிமே யாரு வரப் போறா?" என்றான் அவன்.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அன்புராஜைக் கூப்பிட்டு, "தோண்டிக்கோ" என்றாள். பெரிய மனசெல்லாம் கிடையாது. வயிற்றெரிச்சலில் சொன்னாள்.

கல்லறைத் திருநாளன்று ஒரே ஒரு மெழுகுவத்தியோடுதான் போனாள். சுசீலோடு ரூமில் இருந்த பையன் ஒருத்தன் வீடியோ காலில் மண்மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் முக்காடு போட்டிருந்த பொம்பளை சுசீலின் அம்மா, ஞானம்மா வயசுதான் இருக்கும். அவள் ஏதோ கேட்க, பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா கேக்குறாங்க?"

"அடுத்த வருஷம் யார் வத்தி வைக்கும், கேக்குது ஆன்ட்டி. நாங்க எல்லாம் அடுத்த மாசம் குஜராத் போகுது."

ஐயோ பாவமே என்று இருந்தது ஞானம்மாவுக்கு. மெழுகுவத்தியை இரண்டாக ஒடித்தாள். ஒரு துண்டு பீட்டருக்கு, ஒரு துண்டு சுசீலுக்கு. போனைக் கையில் வாங்கி, "நான் வைக்கிறேம்மா. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போமாட்டேன். அழாத" என்றாள். தமிழ் தெரியாத பொம்பளைக்கு அது எப்படியோ புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஏதோ கேட்டாள்.

பையன் ஞானம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்களுக்கு யார் வைக்கும், கேக்குது ஆன்ட்டி."

பெத்த பிள்ளை கேட்காத கேள்வி. ஞானம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதாள்.