நான்கு மணிக் கொட்டாவி

காலை எட்டு மணிக்குக் குடித்த மெத்தடோன் மாலை நான்கு மணிக்குள் எங்கே போகிறது? முக்தார் விஷயத்தில் எனக்கு அதுதான் பிடிபடவில்லை. ஹெராயினை விட முயல்பவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் மாற்று மருந்து அது. ஒரு முறை குடித்தால் ஒரு நாள் தாங்க வேண்டும். ஓஷ் நகரில் நான் செவிலியாக இருக்கும் மருந்தகத்துக்கு வரும் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் தாங்குகிறது. ரொட்டி சுடும் முக்தாருக்கு மட்டும் நான்கு மணியானால் கொட்டாவி, மூக்கொழுகல், பிறகு கைநடுக்கம். சிறுநீரில் இரண்டு முறை ஹெராயின் தெரிந்துவிட்டது. மூன்றாவது முறையும் தெரிந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

"வெளியே போய்த் துப்பி வித்துடறான், சாய்ரா," என்றார் தலைமை மருத்துவர் எர்கெஷோவ்.

"நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன், டாக்டர். என் எதிர்லயே டீயும் குடிச்சுட்டுத்தான் போறான்."

"அப்ப பரம்பரைக் குணம். இவன் அக்கா உல்கான் போன வருஷம் இப்படித்தானே மருந்தைப் பாதியில விட்டுட்டு ஓடிப்போனா?"

உல்கானின் பழைய அட்டையை எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: நான்கு மணி, கொட்டாவி. ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து தீர்கிறது.

"கொஞ்சம் கூட ஊத்துங்க, எஜே," என்று என்னை அக்கா முறை வைத்துக் கேட்டான் முக்தார்.

"போன மாசம் அளவை ஏத்தினப்ப மத்தியானம் அடுப்புக்கிட்டயே தூங்கி விழுந்தியே!"

"அங்கதான் கதகதப்பு."

மருந்துக்கு முன்பு ஒரு முறையும், நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அவன் ரத்தத்தை எடுத்து அனுப்பினேன். மற்றவர்களுக்கு ரத்தத்தில் தெரியும் மருந்தின் இரண்டாவது அளவு முதலாவதைப் போல் இரு மடங்கைத் தாண்டாது. முக்தாருக்கு ஐந்து மடங்கு. மருந்து உள்ளே போகிறது, ஏறுகிறது, சட்டென்று தீர்ந்துவிடுகிறது.

எர்கெஷோவ் சோதனை முடிவு வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு அடுப்புல ஒரே அளவு நிலக்கரி போடறோம். காத்து நல்லா இழுக்கற அடுப்புல சீக்கிரம் எரிஞ்சுடும். மருந்தை எரிக்கறது ஈரல். எவ்வளவு வேகமா எரிக்கணும்கறது அப்பா அம்மா கொடுத்த மரபணுல இருக்கு. நீங்க சொன்ன பரம்பரை சரிதான், டாக்டர். குணம்தான் தப்பு."

"அப்ப ராத்திரிக்கும் தாங்க சாயங்காலம் ஆறுக்கு இன்னொரு தடவை கொடுக்கணும். அஞ்சுக்கே பூட்டிடறோமே. யார் கொடுக்கறது?"

"நான்."

அவர் சாவியை மேசைமேல் வைத்தார்.

உல்கானுக்கும் திரும்பி வரச் சொல்லியனுப்பினேன். முக்தாரின் மூன்றாவது சிறுநீர்ச் சோதனையில் ஹெராயின் இல்லை. அவனுக்குக் கொடுக்கும் அளவை நாங்கள் கூட்டவில்லை. அதே மருந்தை இரண்டாகப் பிரித்து, காலை எட்டு மணிக்குப் பாதியும் மாலை ஆறு மணிக்குப் பாதியும் கொடுக்கிறோம்; முந்தின மாலையின் மீதியும் சேர்வதால் காலைப் பாதி நான்கு மணியைத் தாண்டியும் தாங்குகிறது.